இரண்டு குழி விழுந்த நாற்காலி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று நாலு வருஷம் தள்ளிப்போட்டேன்.

ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திறப்பேன். முதல் வரி வந்துவிடும். ரெண்டாவது வரியில், நான் சொன்ன ஒரு பொய் வந்து குறுக்கே நிற்கும். பேனாவை மூடிவிட்டு, வெண்டைக்காய் வாங்கின கதையோ பஸ்ஸில் குடை தொலைத்த கதையோ எழுதி அனுப்பிவிடுவேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும் — இந்த ஆள் ஏன் இத்தனை குடை தொலைக்கிறான் என்று!

போன வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு முடிவு வந்தது.

மாட வீதியில் பூ வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்கதானே அந்த நாற்காலி வீட்டுக்காரர்?"

"எந்த நாற்காலிம்மா?"

"அதான் சார், முட்டி வலி போற நாற்காலி! ஃபாரின்லேர்ந்து வந்துதாமே? உங்க வீட்டம்மா நாப்பத்தெட்டு நாள் அதுல உக்காந்துட்டு, நாப்பத்தொம்பதாவது நாள் திருப்பதி மலையை நடந்தே ஏறினாங்களாமே? எங்க மாமியாரைக் கூட்டிட்டு வரட்டுமா? பத்து நிமிஷம் உக்கார விட்டா போதும்."

பூக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. அளந்துகொண்டிருந்த மல்லிகை பாதி முழத்தில் தொங்கியது.

"இன்னா சார், சொல்லவேயில்ல! எனக்குந்தான் முட்டி வலி கீது. தெனம் உனக்கு நாலு வெரல் கூடத்தானே போடறேன்?"

இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டேன். அந்த அம்மா போனை நீட்டினார். வாட்ஸ்அப்! எங்கள் வீட்டு நாற்காலியின் படம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தங்கச் சிம்மாசனம். அதைச் சுற்றி ஒளிவட்டம். பதினோரு பேருக்கு அனுப்பினால் பதினோரு நாளில் நல்ல செய்தி வருமாம்.

என் மனைவி சகுந்தலா திருப்பதி மலை ஏறவில்லை ஐயா. எங்கள் அபார்ட்மென்ட்டின் முதல் மாடிக்கு ஏறுவதற்கே நடுவில் ஒருமுறை நின்று, படிக்கட்டு கட்டின மேஸ்திரியை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மீதியை ஏறுவாள்.

ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். என் பொய்யையும் சேர்த்து.

சகுந்தலாவுக்கு முட்டி தேய்ந்துபோய் ரொம்ப வருஷம். தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிட டேபிள் இருக்கிறது, டிவி பார்க்க சோபா இருக்கிறது. பூஜைக்கு?

எங்கள் பூஜை அறையில் ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான். அம்மன் படம் ஒரு சின்ன மர மண்டபத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றி, அம்மனுக்கு நூற்றெட்டுப் போற்றி சொல்லி, ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு சிட்டிகை குங்குமம் போடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடப்பது. முட்டி போனதும் அது நின்றுபோனது.

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன்.

"எடுங்க அதை" என்றாள். "அம்மா ஒண்ணரை அடில உக்காந்திருக்கா. நான் அவ தலைக்கு மேல உக்காந்துட்டு, குனிஞ்சு குங்குமம் போடவா? ஆபீசர் ஃபைல்ல கையெழுத்து போடற மாதிரி இருக்கும்."

"அப்ப மண்டபத்தை ஸ்டூல் மேல ஏத்திடலாமே?"

"முப்பது வருஷமா அவ உக்காந்த இடங்க அது. என் முட்டிக்காக அவ எழுந்திருக்கணுமா?"

சரி என்று மணைப் பலகை போட்டுப் பார்த்தோம். உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. நானும் எதிர் ஃபிளாட்காரருமாகச் சேர்ந்து தூக்கினோம். அன்றோடு மணையும் போயிற்று.

அதற்கப்புறம் நின்றபடியேதான். பன்னிரண்டு போற்றி சொல்வதற்குள் கால் நடுங்க ஆரம்பித்துவிடும். அதோடு கற்பூரம் காட்டி முடித்துவிடுவாள். ஒருநாள் வெளியே வந்து சொன்னாள்: "நூத்தியெட்டுல பன்னெண்டு பேரைத்தான் கூப்பிடறேன். மீதி தொண்ணூத்தாறு பேரும் வாசல்லயே நிக்கறாங்களோ என்னமோ..."

எனக்கு அன்றைக்குக் காபி இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பிரான்ஸ் போனோம். எங்கள் மகள் வித்யாவும் மாப்பிள்ளை முரளியும் அங்கே ஆறு வருஷம் இருந்தார்கள். கம்பெனி மாப்பிள்ளையைச் சென்னைக்கே திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. "காலி பண்றதுக்குள்ள ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்று மகள் டிக்கெட் போட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை எங்கள் ரெண்டு பேரையும் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு நீளமான இடம். உள்ளே முழுக்கப் பழைய சாமான். வித்யா இந்த மாதிரி இடங்களில் ஏற்கெனவே ஒரு அலமாரியும் ஒரு பெஞ்சும் வாங்கியிருந்தாள். கப்பலில் வீட்டுச் சாமானோடு சேர்ந்து வரப்போகிறதாம்.

நான் பத்தாவதோடு நின்றவன். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சேலை விரித்துப் போட்டவன். எந்தக் கடைக்குள் போனாலும் முதலில் சரக்கைப் பார்க்க மாட்டேன், கடையை எப்படி நடத்துகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். இங்கே வாங்க என்று சொல்ல ஆள் இல்லை. விலைக்கு ஏற்ற மாதிரி அடுக்கவும் இல்லை. தொட்டில் மாதிரி ஒன்று இருந்தது — ரொட்டி மாவு பிசைகிற மரத் தொட்டியாம். மரத்திலேயே செருப்பு. மாட்டு மணி. கதவு மட்டும் தனியாக இருபது. எல்லாம் விவசாயிகள் வீட்டுச் சாமான். உளுத்துப் போனதுக்குக்கூட விலைச்சீட்டு!

"நம்ம ஊரா இருந்தா இதையெல்லாம் எப்பவோ பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருப்பாங்க" என்றாள் சகுந்தலா.

சொன்னவளை அடுத்த நிமிஷம் பக்கத்தில் காணோம். திரும்பிப் பார்த்தேன். ஒரு நாற்காலி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

குள்ளமான நாற்காலி. கையால் அளந்தேன். உட்காரும் பலகை தரையிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும். அதாவது ஒரு அடி. ஆனால் முதுகுப் பக்கம் மட்டும் என் மார்பு வரை உயரம். அதன் உச்சியில், ஜவுளிக்கடை கவுண்டர் மாதிரி ஒரு தட்டையான கட்டை. கருத்த மரம். கை வைத்தால் வழுக்குகிற மாதிரி மழமழவென்று தேய்ந்திருந்தது.

சகுந்தலா உட்கார்ந்தாள். பக்கவாட்டில் திரும்பி, மேல் கட்டையைப் பிடித்தாள். எழுந்துவிட்டாள்.

"எழுந்துட்டேங்க!"

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். நாலு தடவை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவள் சிரித்ததை நான் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

"ஒரு அடிதானே? அம்மா ஒண்ணரை அடி. அரை அடி கீழதான் இருப்பேன்" என்றாள். அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். உட்காரும் பலகையில் ரெண்டு குழி. முன் ஓரத்துக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், உள்ளங்கை அகலத்தில் ரெண்டு பள்ளம். உளியால் வெட்டினது இல்லை. தேய்ந்தது. மனுஷர் உட்கார்ந்து தேய்ந்தால் நடுவில் அல்லவா தேயும்? அதுவும் ஒரே பள்ளமாக?

"கேளுங்க" என்றாள் சகுந்தலா. "இதை எதுக்கு வச்சிருந்தாங்க, யார் வீட்டுதுன்னு கேளுங்க. சாவு வீட்டுச் சாமான்னா வேணாம்."

மாப்பிள்ளை வெளியே காரை வேறு இடத்தில் நிறுத்தப் போயிருந்தார். கடைக்காரப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "திஸ்... வாட் ஃபார்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சகுந்தலாவின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். பிறகு ரெண்டு கையையும் மார்புக்கு நேரே கூப்பி, கண்ணை மூடி, தலையைக் குனிந்தார்.

நீங்களே சொல்லுங்கள். முப்பத்தோரு வருஷம் கடையில் இருந்தவன் நான். எங்கள் கடை வாசலில் கைகூப்பி நிற்பதற்கென்றே ரெண்டு பேர் உண்டு. ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துக் கைகூப்பினால் நான் என்ன நினைப்பேன்?

"வணக்கம் ஐயா, வணக்கம்!" என்றேன். சகுந்தலாவும் கூப்பினாள்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை இல்லை என்கிற மாதிரி. மறுபடி கைகூப்பினார். இந்தத் தடவை முட்டியையும் மடக்கினார்.

"எவ்ளோ பணிவு பாருங்க" என்றாள் சகுந்தலா. நாங்கள் இன்னொரு வணக்கம் போட்டோம்.

மூன்றாவது தடவை அவர் தரையில் முட்டி படுகிற அளவுக்குப் போய்விட்டார். நான் பதறிப்போய் தோளைப் பிடித்துத் தூக்கினேன். "ஐயோ, பெரியவரே, வயசுல மூத்தவர், நீங்க போய்..." அவர் எங்களைப் பார்த்தார். சிரித்தார். கையை விரித்துவிட்டார்.

மாப்பிள்ளை வந்து பணம் கொடுத்தார். காரில், "அவர் என்ன மாமா சொன்னார்?" என்று கேட்டார்.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச குடும்பம் மாப்ள" என்று சகுந்தலாவே பதில் சொன்னாள். "சாவு வீட்டுச் சாமான் விக்கற முகம் இல்ல அது."

நாங்கள் விமானத்தில் திரும்பிவிட்டோம். நாற்காலி கப்பலில் வந்தது.

கப்பல் எங்கே வருகிறது என்று போனில் பார்க்கலாமாம். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்! காலையில் எழுந்ததும் சாமி படம், அடுத்தது கப்பல் படம். "இன்னிக்கு நகரவே இல்லீங்க, அங்கயே நிக்குது" என்று கவலைப்படுவாள். கடலில் காற்று பலமாக இருந்தால் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பாள். நாற்காலி வரவேண்டிய இடத்தில் ஒரு நாலு புள்ளிக் கோலம் ரெண்டு மாசம் காத்திருந்தது.

இடையில் அந்த ரெண்டு குழியைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. பால் கறக்கிற நாற்காலி என்றார் மாப்பிள்ளை. ரெண்டு குடத்தை வருஷக்கணக்கில் வைத்து எடுத்திருப்பார்கள் என்றாள் சகுந்தலா. "யாரோ ரொம்ப ஒல்லியான ஆளுப்பா, எலும்பு குத்திக் குத்தி..." என்றாள் மகள். நான் எதையும் நம்பவில்லை. சேலை எங்கே மடிந்து எங்கே நைந்திருக்கிறது என்று பார்த்தே கட்டினவரின் நடையைச் சொல்கிறவன் நான். இந்த மரம் மட்டும் எனக்குப் பிடி கொடுக்கவில்லை.

துறைமுக வேலையைப் பார்த்துக்கொடுத்தவர் அந்தோணி. சிந்தாதிரிப்பேட்டைக்காரர். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் நேரமில்லாததால் என்னோடுதான் பேசுவார்.

ஒருநாள் போன் வந்தது. "சார், பொட்டியெல்லாம் வந்துட்ச்சு. ஆனா ஒரு சிக்கல் கீது. உங்க நாற்காலில பூச்சி ஓட்டை கீது சார். ஆபீசர் பாத்துட்டாரு. மருந்துப் புகை போட்டாத்தான் வெளிய வுடுவாங்க."

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சகுந்தலா போனை வாங்கினாள். "புகையா? சாம்பிராணியா போடுவாங்க?"

"ஆமா மேடம். கவர்மென்ட் சாம்பிராணி!"

பத்து நாள் கழித்து, எங்கள் பங்குப் பெட்டியை அந்தோணியே வேனில் எடுத்துக்கொண்டு வந்தார். அபார்ட்மென்ட் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். நாற்காலி வெளியே வந்தது. அந்தோணி அதைத் துடைத்தார். துடைத்த விதத்தில் ஒரு பதவிசு இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இத எதுக்கு சார் வாங்கினீங்க?"

"உக்காரத்தான். ஏன்?"

"இது உக்கார்ற சாமான் இல்ல சார்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "முட்டி போடறது. சர்ச்சுல இருக்கும். இந்தப் பலகைல முட்டி போட்டு, மேல் கட்டைல கைய ஊணி ஜெபம் பண்ணுவாங்க. எங்காளுங்க கல்யாணத்துல பொண்ணு மாப்ள முட்டி போடுவாங்களே, அதே ஐட்டம்தான். பாருங்க, முட்டி பட்டுப் பட்டு எப்புடி குழி வுழுந்துகீது! யார் பண்ண ஜெபமோ..."

எனக்கு அந்தக் கிராமத்துப் பெரியவர் கண்முன் வந்தார். கூப்பின கை. மூடின கண். மடக்கின முட்டி. மூன்று தடவை சொல்லியிருக்கிறார், பாவம்! மூன்று தடவையும் நாங்கள் பதில் வணக்கம் போட்டிருக்கிறோம்!

"என்னங்க! வந்துடுச்சா?" — மேலே பால்கனியில் சகுந்தலா. ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள், நாற்காலிக்கு.

"அந்தோணி... இத மேல சொல்லாதீங்க" என்றேன்.

அவர் துடைத்த துணியை உதறினார். "நானா சொல்ல மாட்டேன் சார். ஆனா மேடம் கேட்டாங்கன்னா பொய் சொல்ல மாட்டேன்."

மேலே கொண்டுபோனோம். ஆரத்தி ஆயிற்று. கோலத்தின் மேல் நாற்காலி உட்கார்ந்தது. அந்தோணி போனதும் அவள் கேட்டாள்.

"கீழ அவர் என்னமோ நாற்காலியைக் காட்டிக் காட்டிப் பேசினாரே? குழி எதனாலன்னு அவருக்குத் தெரியுமாமா?"

"தெரியலையாம்" என்றேன்.

இதுதான் நான் சொன்ன பொய். பூஜை அறை வாசலில், அம்மனுக்கு நேரே நின்று சொன்னது.

ஏன் சொன்னேன்? பயம். இன்னொரு சாமிக்கு உரியது என்று தெரிந்தால் அதில் உட்கார மாட்டாள். மறுபடி நிற்பாள். மறுபடி பன்னிரண்டு. இதைத்தான் நினைத்தேன். வருஷம் தவறாமல் பெசன்ட் நகர் மாதா கோயிலில் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறவள் அவள். அவளைப் பற்றி இப்படி நினைத்தேன் பாருங்கள்! கூட வாழ்கிறவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு சொற்பம்...

அந்த வெள்ளிக்கிழமை நூற்றெட்டும் சொன்னாள். முடித்துவிட்டு, மேல் கட்டையைப் பிடித்து, தானாக எழுந்து வந்தாள். கண்ணில் தண்ணீர். "எல்லாரையும் உள்ள கூப்பிட்டுட்டேங்க" என்றாள்.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஆனால் அந்த அறைக்குள் அதற்கப்புறம் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் குழியைக் காட்டி, "எதனாலன்னு சொல்லுங்க பாப்போம்" என்று விடுகதை போடுவாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது!

ஒருநாள் அந்தோணி பத்திரிகையோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். "மேடத்தையும் கண்டிப்பா கூட்டினு வரணும் சார்."

"உனக்கு முட்டி வலி. நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"நல்லாருக்கே! என் நாற்காலியைப் பத்திரமா கொண்டாந்து குடுத்தவர் வீட்டு விசேஷம். நான் போகாம இருப்பேனா?"

வியாழக்கிழமை காலை, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சர்ச். நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து, பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டார்கள். வெல்வெட் போர்த்தியிருந்தது. ஆனாலும் அதே உயரம். அதே மேல் கட்டை. கட்டையின் மேல் கூப்பின கை.

நான் சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சகுந்தலா அசையவில்லை. பெண்ணின் நகையைப் பார்க்கவில்லை, சேலையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் அந்தோணி பரிமாற வந்தார்.

"அந்தோணி, பொண்ணு மாப்பிள்ளை முட்டி போட்டாங்களே, எங்க வீட்ல இருக்கறதும் அதுதானா?" என்றாள் சகுந்தலா.

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல மாட்டேன் என்று முன்பே சொன்னவர் ஆயிற்றே.

"ஆமா மேடம்."

"இவருக்கு இது தெரியுமா?"

அந்தோணி அவளைப் பார்த்தார். கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார்.

"மேடம்... இன்னொரு கேசரி வெக்கட்டா?"

வேறு பதில் வேண்டுமா?

ஆட்டோவில் ஏறினோம். ராயப்பேட்டை சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டாள்.

"வந்த அன்னிக்கே தெரியுமா?"

"ம்."

"குழி எதனாலன்னு கேட்டேனே, அப்பவே?"

"ம்... நீ உக்கார மாட்டேன்னுடுவியோன்னு..."

"நான் ஏங்க மாட்டேங்கப்போறேன்?" என்று என் பக்கம் திரும்பினாள். "யாரோ ஒரு பொம்பள, எந்தக் கஷ்டத்துக்கோ, மரமே தேயற அளவுக்கு முட்டி போட்டு வேண்டியிருக்கா. தெரிஞ்சிருந்தா அந்தக் குழியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். கோயில் படியை மிதிக்காமலா உள்ள போறோம்? தொட்டுக் கும்பிட்டுத்தானே மிதிக்கறோம்? ஒரு வருஷமா, தொடாம கொள்ளாம, அவ வேண்டின இடத்துல பொத்துன்னு உக்கார வச்சிட்டீங்களே!"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாம்ல சார்" என்றார். அவருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்தேன். பூஜை அறையில் விளக்கு எரிந்தது. நாற்காலி திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதன் முதுகு அம்மன் பக்கம். குழி இருக்கிற பலகை என் பக்கம். சகுந்தலா குங்குமக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"முட்டி போடுங்க."

"சகுந்தலா, எனக்கு அறுபத்தாறு வயசு."

"பொய் சொல்றப்ப அறுபத்தஞ்சுதானே? போடுங்க."

கடைசியாக நான் முட்டி போட்டது எட்டாவது வகுப்பில். கணக்கு வீட்டுப்பாடம் எழுதாததற்கு. வராண்டாவில், மணலில். அதற்கப்புறம் அன்றுதான்.

மேல் கட்டையைப் பிடித்து, ஒரு முட்டியை வைத்தேன். அடுத்ததையும் வைத்தேன். ரெண்டும் தானாகப் போய் அந்த ரெண்டு குழியில் உட்கார்ந்தன. சாண் போட்டு அளந்து, மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேனே... அளந்து கண்டுபிடிக்கிற விஷயமா அது? முழங்கையைக் கட்டையின் மேல் ஊன்றினேன். இனி கையை என்ன செய்வது? கூப்புவதைத் தவிர அந்த இடத்தில் கைக்கு வேறு வேலையே இல்லை. செய்தவன் அப்படிச் செய்திருக்கிறான்!

அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். முகம் தெரியாத அந்தப் பிரான்ஸ் கிராமத்து அம்மாளிடம் கேட்டேன் — அது ஆணாகவும் இருக்கலாம், சகுந்தலா பெண் என்று முடிவு கட்டிவிட்டாள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். பின்னால் நிற்கிறவளிடமும் கேட்டேன். அதைத்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

அவள் போற்றி சொல்ல ஆரம்பித்தாள். நின்றபடியே. ஒன்று, ரெண்டு, மூன்று... என் தோளுக்கு மேலாகக் கை நீட்டிக் குங்குமம் போட்டாள். பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினாள்.

"எழுந்திரிங்க. மீதித் தொண்ணூத்தாறு நான் உக்காந்து சொல்லணும்."

எழுந்திருக்க முடியவில்லை! அவள்தான் கை கொடுத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். மேல் கட்டையைப் பிடித்துக் குனிந்து ரெண்டு குழியையும் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உட்கார்ந்தாள். பதிமூன்றிலிருந்து தொடர்ந்தாள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இப்படித்தான். முதல் பன்னிரண்டுக்கு நான் முட்டி போட வேண்டும். மீதிக்கு அவள் உட்காருவாள். யாராவது குழியைப் பற்றிக் கேட்டால் முழுக்கதையையும் சொல்லிவிடுவாள், என் பொய் உட்பட. சொன்னது முதலில் கீழ் வீட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து கோயில் குளக்கரைக்குப் போயிற்று. போகிற வழியில் என் பொய் உதிர்ந்துபோய், திருப்பதி மலை வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஜனங்களுக்கு அற்புதம் என்றால் அவ்வளவு ஆசை. ஒரு வருஷம் பொய் சொன்ன புருஷனை, பன்னிரண்டு போற்றியில் ஒருத்தி மன்னித்தாளே — அது கணக்கில் வரவில்லை!

அதனால் ஒரு வேண்டுகோள். அந்த வாட்ஸ்அப் உங்களுக்கும் வந்திருந்தால், அனுப்பினவருக்கு இதைச் சொல்லுங்கள். அவரையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் என்ற கணக்கெல்லாம் கிடையாது. நல்ல செய்தி வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். சிம்மாசனம் வேண்டாம், ஒளிவட்டம் வேண்டாம். அது ஒரு அடி உயரமுள்ள, பூச்சி அரித்த மர நாற்காலி. என் மானத்துக்காக அந்தப் பொய்யை எடுத்துவிடாதீர்கள். முக்கியமாக, முட்டி வலி போயிற்று என்று மட்டும் சேர்க்காதீர்கள்.

போகவில்லை. முன்பு அவளுக்கு மட்டும் இருந்தது... இப்போது எனக்கும் வந்துவிட்டது.